மாரென் ஊர் சுற்றிப் பார்த்த நாள்

முரசு அதிரத் தொடங்கியதும் கூட்டம் மொத்தமும் அரண்மனை வாசலில் நடந்த காவல் மாற்றத்தைப் பார்க்கத் திரும்பிக்கொண்டது. சுனிம் மட்டும் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எங்கே திரும்பினாலும் வாடகைக்கு எடுத்த ஹன்போக் என்ற பாரம்பரிய உடையின் பாவாடைகள். ரோஜா நிறம், இளம்பச்சை, மாம்பழ மஞ்சள் என்று குடை விரித்ததுபோல் பெண்கள் நடந்துகொண்டிருந்தார்கள். அந்த உடையில் வந்தால் நுழைவுச் சீட்டு வேண்டாம் என்று வெளிநாட்டுக்காரர்கள் வரை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இத்தனை பேருக்கு நடுவில், நேற்று ஒரே ஒரு மணி நேரம் பார்த்த முகத்தை அவள் தேடிக்கொண்டிருந்தாள். தன் முகத்துக்கு மாஸ்க் போட்டிருந்தாள், வெயில் தொப்பியை நெற்றி வரை இழுத்துவிட்டிருந்தாள். ஊரில் பாதிக் கிழவிகள் அந்தக் கோலத்தில்தான் திரிகிறார்கள்.

"தூணோட தூணா ஒட்டிக்கிட்டு நிக்காதக்கா. அந்தக் காவக்காரன் உன்னத்தான் மொறைக்கிறான்" என்றாள் தங்கை மியோங்ஜா. சந்தையில் ஊறுகாய், கிம்ச்சி விற்கும் கடையை இன்று பூட்டிவிட்டு அக்காவோடு வந்திருந்தாள்.

"நீ வேணா வீட்டுக்குப் போடீ."

"போறேன். நீ எங்கயாவது மயங்கி விழுந்தா யார் தூக்குறது? அரண்மனைக் காவலாளியா?"

நேற்றிலிருந்தே சுனிமுக்குப் பேச்சு சரியாக வரவில்லை. தத்து கொடுக்கும் அலுவலகத்தின் சின்ன அறையில், வட்ட மேசைக்கு எதிர்ப்புறம், அவள் பெற்ற மகள் உட்கார்ந்திருந்தாள். டென்மார்க்கில் வளர்ந்தவள், பெயர் மாரென். சுனிமின் தாடை, சுனிமின் காது, வாயைத் திறந்தால் வேறு பாஷை. பக்கத்தில் மஞ்சள் தாடி வைத்த புருஷன். மாரென் கேட்டது ஒரே கேள்வி. மொழிபெயர்க்க வந்த பெண் அதைத் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "ஏன் என்னைக் கொடுத்தீங்கன்னு கேக்கறாங்க." அதற்கான பதிலை முப்பத்தைந்து வருஷமாகச் சுனிம் தயாராக வைத்திருந்தாள். அவள் வேலை பார்க்கும் குளியல் விடுதியில், ஆவி மூடிய அறையில், முன்பின் தெரியாத பெண்களின் முதுகில் அழுக்குத் தேய்த்துவிடும்போதெல்லாம் வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில். ஆனால் நேரம் வந்தபோது தொண்டையிலிருந்து வந்தது "மன்னிச்சிடு" என்ற ஒரே சொல்தான். அப்புறம் அழுகை. மொழிபெயர்ப்பாளப் பெண் அந்த ஒரு சொல்லை மட்டும் அந்தப் பக்கம் எடுத்துக் கொடுத்தாள். மாரென் மெல்லத் தலையாட்டினாள். சந்தேகப்பட்டது சரிதான் என்று தெரிந்துகொண்டவர்கள் ஆட்டுவதுபோல. எழும்போது, இந்தப் பயணத்துக்கு இது போதும், இனி எழுத வேண்டியது இருந்தால் அலுவலகம் மூலமாக எழுதுகிறேன் என்று சொல்லச் சொன்னாள். கற்றுக்கொண்டு வந்தவள்போல முறையாகக் குனிந்து வணங்கிவிட்டுப் போனாள்.

அந்த மன்னிப்பு எதற்கு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருக்கலாம். கட்டட வேலையில் புருஷன் செத்த மறு வருஷம் சுனிமுக்கு நெஞ்சில் காசநோய் கண்டது. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுத் தர்மாஸ்பத்திரியில் படுத்தாள். பிழைத்து வீடு திரும்பியபோது குழந்தையின் குட்டி மெத்தை துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. "நல்ல எடத்துக்குப் போயிருக்கா. அழுவாத" என்று மாமியார் முள்ளங்கி நறுக்கியபடியே சொன்னாள். அதற்குப் பிறகு சுனிம் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. ஓரிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள், இன்னோர் இடத்தில் அப்படி ஒரு குழந்தையே இல்லை என்றார்கள். இப்போது அந்தக் குழந்தை, தாய் தன்னைத் தூக்கிக் கொடுத்தாள் என்ற நினைப்போடு நாளைக்கு விமானம் ஏறப்போகிறது.

நேற்று நடைவழியில் செருப்பை மாட்ட முடியாமல் சுனிம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, மொழிபெயர்ப்பாளப் பெண் அந்த இருவருக்கும் ஊரை விளக்கிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. காலையில் அரண்மனை. மதியம் குவாங்ஜாங் சந்தையில் பச்சைப்பயறு அடையும் நூடுல்ஸும். அப்புறம் நாம்தெமூனில் சாமான் வாங்கலாம். ஊர்ப் பெயரும் தின்பண்டப் பெயரும் எந்தப் பாஷையிலும் ஒன்றுதானே, மீதியைச் சுனிம் ஊகித்துக்கொண்டாள். இரவே சுனிம் தங்கை மகனைப் பிடித்து ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லித்தரச் சொன்னாள். "நான் கொடுக்கலன்னு எப்படிடா சொல்றது?" அவன் சொன்னான். விடியும்வரை அதையே மந்திரம்போல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அங்க பாரு. மாப்பிள்ளை தாடி" என்று மியோங்ஜா அவள் கையைக் கிள்ளினாள்.

அரண்மனைக் குளத்து ஓரமாக அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். மாரெனும் ஹன்போக் உடுத்தியிருந்தாள். ரோஜா நிறப் பாவாடை, வெள்ளை மேல்சட்டை. சுனிம் தொப்பி விளிம்பைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். இங்கேயே வளர்ந்திருந்தால் பள்ளிக்கூடத்துக்கு, கல்யாணத்துக்கு என்று எத்தனை முறை இந்தக் கோலத்தில் பார்த்திருப்பாள். பொம்மை விற்கிறவன் ஒருவன் மாரெனிடம் உள்ளூர்ப் பாஷையில் ஏதோ கேட்டான். அவள் சிரித்துக் கையை விரித்தாள். அவனுக்குப் புரியவில்லை, மறுபடியும் கேட்டான். அவள் சிரிப்பு சுருங்கியது. வந்ததிலிருந்து இது எத்தனையாவது முறையோ.

என்ன பேசுவது, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமலே சுனிம் நெருங்கினாள். மாரென் திரும்பி அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் போனை நீட்டினாள். படம் எடுத்துத் தர முடியுமா என்று விரலால் அழுத்திக் காட்டினாள். அடையாளம் தெரியவில்லை. தொப்பி வைத்த இன்னொரு கிழவி, அவ்வளவுதான்.

சுனிம் போனை வாங்கினாள். அதன் திரைக்குள் மகளும் மருமகனும் குளத்தை முதுகில் வைத்து நின்றார்கள். மேல்சட்டையின் ரிப்பன் முடிச்சு தவறாகக் கட்டப்பட்டு, செருப்பு வார்போலத் தொங்கிக்கொண்டிருந்தது. சுனிம் போனை மருமகன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, கேட்காமலே மகளின் நெஞ்சுப் பக்கம் கையைக் கொண்டுபோனாள். ரிப்பனை அவிழ்த்தாள், நீவினாள், ஒற்றை மடிப்பு வைத்து இழுத்துக் கட்டினாள். அவ்வளவு பக்கத்தில் மகளின் கழுத்து. சோப்பு வாசனை. துணிக்குக் கீழே நெஞ்சு ஏறி இறங்கியது. சொல்லவேண்டிய வாக்கியம் நாக்கின் நுனியில் இருந்தது. முடிச்சைக் கட்டி முடித்தபோது அது அங்கே இல்லை. போனை மறுபடி வாங்கிப் படம் எடுத்துக் கொடுத்தாள். "கம்சாஹம்னிதா" என்றாள் மாரென், புத்தகத்தில் படித்து நன்றி சொல்லும் வெளியூர்க்காரியின் உச்சரிப்பில். போய்விட்டார்கள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்த?" மியோங்ஜாவுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. "நேத்தும் இப்படித்தான் ஊமையா நின்ன. தொட்டுட்டு வந்திருக்கியே, தொட்டுட்டு! ஒரு வார்த்தை சொல்லக்கூடாது?"

"வரல மியோங்ஜா. என்ன பண்ணச் சொல்ற? வரல."

மாரெனும் புருஷனும் வாடகை உடையைத் திருப்பிக் கொடுக்கும்வரை அக்காவும் தங்கையும் எதிர்க்கடை வாசலில் காத்திருந்து, பின்னாலேயே மெட்ரோ நிலையத்துக்குள் இறங்கினார்கள். முழங்கால் வலியில் சுனிம் ஒவ்வொரு படியிலும் பல்லைக் கடித்தாள். நுழைவுக் கதவில் மியோங்ஜாவின் பயண அட்டையில் பணம் தீர்ந்துபோய்ச் சிவப்பு விளக்கு எரிந்தது. "நீ போ! எனக்காக நிக்காத, போக்கா!" என்று கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள். சுனிம் போனாள். ரயில் கதவு மூடுவதற்குள் அவர்களுக்கு அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டாள். ஜோங்னோவில் வண்டி மாறும் நீண்ட சுரங்க வழியில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூட்டம் ஒன்று குறுக்கே வந்தது. அது விலகியபோது மஞ்சள் தாடியைக் காணவில்லை.

சந்தைக்குள் எண்ணெய்ப் புகையும் பயறு அரைக்கும் கல் சத்தமும் முகத்தில் அடித்தன. சுனிம் சந்துசந்தாகத் தேடினாள். அடைக் கடைகளில் இல்லை. பட்டுத்துணிப் பக்கம் இல்லை. மறுபடியும் முதல் சந்து. இடம் மாற்றியிருப்பார்களோ, நேராக நாம்தெமூனுக்குப் போயிருப்பார்களோ, இல்லை களைத்துப்போய் ஓட்டலுக்கே திரும்பிவிட்டார்களோ? எந்த ஓட்டல் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. அரண்மனையில் விரல்நுனியில் இருந்தவளை விட்டுவிட்டோமே என்று மீன் கடை ஒன்றின் முன்னால் நின்று, யாரும் பார்க்கிறார்களா என்ற வெட்கம்கூட இல்லாமல், மார்பில் இரண்டு முறை குத்திக்கொண்டாள்.

அப்போதுதான் நூடுல்ஸ் கடையின் ஆவிக்கு மேலே அந்தத் தாடி தெரிந்தது. ஒரே பலகையில் ஐந்தாறு பேர் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து சாப்பிடும் கடை. மாரென் பக்கத்தில் ஒரு ஆள் இடம் காலியாக இருந்தது. சுனிம் உட்கார்ந்தாள். கடைக்காரி, சிவப்பு ரப்பர் கையுறை போட்ட குண்டுப் பெண், கேட்காமலே ஒரு கிண்ணத்தைத் தள்ளினாள். "சூடா இருக்கு, பாத்துக் குடிங்கக்கா."

குடிக்க வேண்டுமானால் மாஸ்கைக் கழற்ற வேண்டும். சுனிம் கழற்றினாள்.

மாரென் தற்செயலாகத் திரும்பினாள். கரண்டி பாதியில் நின்றது. அவள் கண் சுனிமின் முகத்திலிருந்து தொப்பிக்குப் போனது, தொப்பியிலிருந்து கைகளுக்கு. ரிப்பன் கட்டிய கிழவியும் நேற்றைய கிழவியும் ஒருத்திதான் என்று அவளுக்குப் புரிந்த கணத்தைச் சுனிம் பார்த்தாள். முகம் வெளுத்தது. புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். பயந்துபோன குரல்.

சுனிம் சொன்னாள். "ஐ டிட் நாட் கிவ்."

மாரென் புருவத்தைச் சுருக்கினாள். "கிவ்? கிவ் வாட்?"

என்ன கொடுக்கவில்லை என்று கேட்கிறாள். அதற்கு அடுத்த வாக்கியம் சுனிமிடம் இல்லை. இருந்த ஒன்றும் செலவாகிவிட்டது. அவள் அதையே மறுபடியும் சொன்னாள், இன்னும் சத்தமாக. எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கிழவர் நிமிர்ந்து, "சாப்பிடற எடத்துல என்னம்மா ரகளை?" என்றார்.

"நீ உன் கிண்ணத்தப் பாருய்யா" என்று கடைக்காரி அவரை அடக்கிவிட்டு, அடுப்பைத் தணித்தாள். "யாருக்கா இது?"

"எம் பொண்ணு."

"அவளுக்கு என்ன சொல்லணும்? எனக்கு வியாபார இங்கிலீசு வரும். சொல்லுங்க."

அப்போது வந்தது. நேற்று வராதது, அரண்மனையில் வராதது எல்லாம் அந்தக் கொதிக்கும் அண்டாவுக்கு முன்னால் வந்தது. நெஞ்சு நோய், ஆஸ்பத்திரி, மாமியார், கொடியில் காய்ந்த மெத்தை, ஏறி இறங்கிய படிகள். யாரோ ஒருத்தி முகத்தைப் பார்த்துச் சுனிம் கொட்டினாள். கடைக்காரி உறையைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மாரென் பக்கம் குனிந்து, காரம் வேணுமா வேண்டாமா என்று வியாபாரத்தில் கேட்கும் அதே குரலில், தனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள்.

"அம்மா. ஆஸ்பத்திரி. ரொம்ப சீக்கு. பாட்டி... பாப்பா கொண்டு போய். அம்மா வீடு வந்து. பாப்பா இல்ல." கையை விரித்துக் காட்டினாள். "அம்மா தெரியாது. அம்மா தேடி, தேடி, தேடி."

பலகையில் யாரும் சாப்பிடவில்லை. மாரென் கடைக்காரியைப் பார்த்தாள். அப்புறம் சுனிமைப் பார்த்தாள், நெடுநேரம், அந்த முகத்தில் எதையோ சரிபார்ப்பதுபோல. உதடு அசைந்தது. தன் பாஷையில் ஏதோ சொன்னாள், யாருக்கும் அல்ல. சட்டென்று எழுந்தாள். பலகையில் கால் தடுக்கியது. பிடிக்க வந்த புருஷனின் கையை உதறிவிட்டு, வாயைப் பொத்தியபடி கூட்டத்துக்குள் பாய்ந்தாள். தொங்கும் போர்வைக் கடைகளுக்கு நடுவே அவள் முதுகு மறைந்தது.

சுனிம் எழவில்லை. மருமகன் பணத்தை வைத்துவிட்டுப் பையை அள்ளிக்கொண்டு ஓடினான். சந்து திரும்பும் இடத்தில் நின்று, திரும்பி, சுனிமைப் பார்த்துத் தன் பெரிய உள்ளங்கையை உயர்த்திக் காட்டினான். உடனே அவனும் மறைந்தான்.

மியோங்ஜா மூச்சிரைக்க வந்து சேர்ந்தது அந்த நேரத்தில்தான். "பாத்தேன், பாத்தேன். என்ன சொல்றான்? இருங்கன்னா, வராதீங்கன்னா?"

"தெரியலடீ."

"கைய இப்படிக் காட்டினானா, இல்ல இப்படியா?"

காலி இடத்துக்காகப் பின்னால் இரண்டு பேர் காத்து நின்றார்கள். கடைக்காரி, மாரென் பாதி குடித்து வைத்த கிண்ணத்தை எடுக்கக் கையை நீட்டினாள். சுனிம் அதற்கு முன்பே இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். கிண்ணம் இன்னும் சுட்டது. உள்ளே நூடுல்ஸ் சாற்றை உறிஞ்சி மெல்ல உப்பிக்கொண்டிருந்தது. அவள் கையை எடுக்காமல், போர்வைகள் அசையும் அந்தச் சந்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.