இதழில்லாத பூ

ஆராய்ச்சி நிறுவன இயக்குநர் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு துக்க வீட்டுப் படியேறியபோது, அழுகிறார் என்று நினைத்து எல்லோரும் வழிவிட்டார்கள். அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"எவ்ளோ பெரிய மனுஷன், பாரு. சொந்தத் தங்கச்சி போன மாதிரி உடைஞ்சுட்டாரு."

கைக்குட்டைக்குப் பின்னால் என்ன இல்லை என்பதை இறந்தவளின் மகள் ஊகித்துவிட்டாள்.

அவருக்குப் பின்னால் இரண்டு பேர் மலர்வளையம் தூக்கி வந்தார்கள். அதன் பட்டையில் அம்மாவின் பெயர் ஓர் ஓரமாக ஒண்டியிருக்க, இயக்குநரின் பட்டங்கள் கால் நீட்டிப் படுத்திருந்தன.

அம்மா பூக்களை ஆராய்ந்தவள். மகரந்தத்தாளை உருவாக்கும் மரபணு பூவின் எல்லாச் செல்லிலும் இருக்கிறது. வேலை செய்வதோ நடுவில் மட்டும். இதழ் வளரும் வெளிவட்டத்தில் அதை அடக்கி வைப்பது எது? அந்த மரபணுவுக்குள்ளேயே கிடக்கும் ஒரு சிறு துண்டுதான் அதற்குப் பூட்டு என்றாள் அம்மா. குப்பை என்றார் இயக்குநர். ஆண்டுக் கூட்டத்தில், மைக்கைப் பிடித்துச் சொன்னார்: "அந்தத் துண்ட வெட்டி எறியட்டும். இதழ் வர்ற எடத்துல மகரந்தத்தாள் வந்தா, இந்த மீசைய எடுத்துடறேன்." சபை கைதட்டியது. அந்த மீசை நிறுவனத்தின் முத்திரையைவிடப் பிரபலம். அம்மாவின் செடித்தொட்டிகள் கழிவறை ஓர வராந்தாவுக்குப் போயின.

நேற்றுக் காலை, ஆஸ்பத்திரியில் தண்ணீர்கூட இறங்காமல் படுத்திருந்தவளிடம், ஆய்வக உதவியாளர் அனுப்பிய, அந்தத் துண்டை வெட்டிய செடியின் பூப் படத்தை மகள் காட்டினாள். அம்மா விரலால் அதைப் பெரிதாக்கினாள்.

"இதழ் ஒண்ணுகூட இல்லடி."

"ஐயோ, போச்சாம்மா?"

"அடி மக்கு. இதழ் இருக்க வேண்டிய எடத்துல பாரு, அத்தனையும் மகரந்தத்தாள். பூட்டு போச்சு, உள்ள அடங்கிக் கெடந்தது வெளிய வந்துடுச்சு." சிரித்ததில் இருமல் வந்தது. "எல்லாருக்கும் அனுப்பு. மீசைக்கு மொதல்ல அனுப்பு."

மதியம் தூங்கினாள். எழவில்லை.

இப்போது இயக்குநர் கைக்குட்டைக்குள்ளிருந்தே உரையாற்றினார். "நமது நிறுவனம்... எனது வழிகாட்டுதலில்... உலகமே வியக்கும் இந்தக் கண்டுபிடிப்பை..."

இன்னும் இரண்டு வாக்கியம் போனால் அம்மா அவருடைய மாணவியாகிவிடுவாள். மகள் குரலை உயர்த்தினாள்.

"சார், துணிய எடுத்துட்டுப் பேசுங்க. பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

கூடம் காத்திருந்தது. எடுத்தார். மூக்குக்குக் கீழே வெயிலே பார்க்காத ஒரு வெளுத்த பட்டை. ஆய்வகத்துக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள், தோள்கள் குலுங்கின.

"மேடம் சொன்னதுதான் சரி," என்றார், இந்த முறை நிறுவனத்தைத் துணைக்கு அழைக்காமல். "நான் சொன்னது தப்பு. நேத்து சாயங்காலமே எடுத்துட்டேன். காட்டத்தான் வெக்கமா இருந்துச்சு."

யாரோ கைதட்டினார். துக்க வீடு என்ற நினைவு வருவதற்குள் ஆய்வகமே தட்டிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து சுவரோரம் அசையாமல் உட்கார்ந்திருந்த அப்பாவும் தட்டினார்.

உதவியாளர் தொட்டியைக் கொண்டுவந்தார். மகள் மலர்வளையத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, அதை அம்மாவின் காலடியில் வைத்தாள்.

"இதுவா பூ? பாக்கவே நல்லால்லியே," என்றாள் அத்தை.

"ஆமா அத்தை. இதான் ஜெயிச்சுது."

கடுகளவுப் பூ. நின்றபடி பார்த்தால் ஒன்றும் தெரியாது. வரிசையில் வந்த ஒவ்வொருவரும் முழங்காலை மடக்கிக் குனிய வேண்டியிருந்தது. இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எல்லோரையும்விட அதிக நேரம் குனிந்திருந்தார்.