உள்ளே முகம் வைத்த சுவர்

திங்கட்கிழமை காலையில் சுவரை இடிக்கப் போகிறார்கள் என்பதைத் தாமி லஹ்லூவிடம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. மொழிபெயர்ப்பாளர் பிழைப்பில் இதுதான் கொடுமை. முடிவெடுப்பது ஒருவர், ஏச்சு வாங்குவது நான்.

முடிவெடுத்தவர் ரஸ்ஸல் கீன். புளோரிடாவில் ஏரியைச் சுற்றி நாடுகளை வரிசையாகக் கட்டி வைத்திருக்கும் பூங்காவில், எங்கள் மொரோக்கோ மண்டபத்துக்கு அவர்தான் தலைமை வடிவமைப்பாளர். கெட்டவர் இல்லை. எங்கள் கோபுரத்தின் அளவுக்காகத் தன் மேலதிகாரிகளோடு மல்லுக்கு நின்றவர். ஆனால் பார்வையாளர் கூட்டம் என்று வந்துவிட்டால் அவருக்கு வேறெதுவும் கண்ணில் படாது.

தாமி ஃபெஸ் நகரத்து மேஸ்திரி. மெருகேற்றிய வண்ண ஓடுகளைச் சில்லு சில்லாக உடைத்து, நட்சத்திரமும் முடிச்சுமாக இழைத்துச் சுவரில் பதிக்கும் குடும்பம். சனிக்கிழமை பிற்பகல் நானும் ரஸ்ஸலும் போனபோது அவர் முற்றத்தில் உட்கார்ந்து சுத்தியலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்றான் நெட்டையன்?"

"திங்கட்கிழமை முன்சுவர்ல இடிச்சு ஒரு வளைவு வைக்கணுமாம், மேஸ்திரி. பத்தடி அகலத்துக்கு. வெளிய நடந்து போறவங்களுக்கு முற்றம் தெரியணுமாம்."

"முன்சுவர்லயா?"

முன்சுவரின் உள்பக்கத்தில்தான் அவருடைய நீரூற்றுச் சுவர் இருந்தது. ஆறு மாதத்து உழைப்பு. தாமி சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அவன் பொண்டாட்டி குளிக்கிறதையும் ரோட்டுல போறவன் பார்க்கணும்னு கதவைத் தொறந்து வைப்பானான்னு கேளு, தங்கச்சி."

நான் ரஸ்ஸல் பக்கம் திரும்பி, "மேஸ்திரி கொஞ்சம் யோசிக்கணுங்கறார்" என்றேன்.

"அதுக்கா இவ்வளவு நேரம் பேசினார்?"

"எங்க பாஷை அப்படித்தான், கொஞ்சம் நீளம்."

ரஸ்ஸல் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை, அதுதான் எனக்கு எரிச்சல். திறப்பு விழாவுக்கு முன் ஒத்திகையாக, பூங்கா ஊழியர்களின் குடும்பங்களை உள்ளே விட்டிருந்தார்கள். சனிக்கிழமை முழுவதும் அவர்கள் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு? வெளியிலிருந்து பார்த்தால் வெறும் சுண்ணாம்புச் சுவர். ஜன்னல் கிடையாது. ஓரத்தில் ஒரு கதவு. அதற்குள் எட்டிப் பார்த்தால் இருட்டாக ஒரு சந்து. ஃபெஸ்ஸில் எந்தப் பணக்கார வீடும் இப்படித்தான் இருக்கும். தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சந்து இரண்டு முறை வளைந்து, வெளியாள் கண் முற்றத்தில் படாதபடி. அழகெல்லாம் உள்ளே. உலகத்துக்கே காட்டவென்று ஒரு மண்டபம் கட்டச் சொன்னபோதும் எங்கள் ஆட்கள் அதையே கட்டி வைத்தார்கள். அப்படிக் கட்டாவிட்டால் அது வீடா என்ன?

கூட்டம் நேராகப் பக்கத்து மண்டபத்துக்குப் போயிற்று. அங்கே பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெய் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாற்பது வருஷத்துக்கு மேல நம்ம நாட்டை ஆண்டு, நம்ம வீட்டுல உட்கார்ந்து தின்னாங்க. கடல் தாண்டி வந்தா இங்கயும் பக்கத்து வீடு!" என்றான் சுண்ணாம்புப் பூச்சுக்காரன் ஹம்மாது.

"வாயை மூடுறா. அவனுக்குக் கூட்டமாவது வருது" என்றார் தாமி.

அந்த நீரூற்றுச் சுவர் எழும்பியதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள் நான். சில்லுகளை அவர் தலைகீழாகத்தான் அடுக்குவார். வண்ணம் தரையைப் பார்த்திருக்கும், நம் கண்ணுக்குத் தெரிவது செம்மண் முதுகு மட்டும். எது நீலம், எது பச்சை என்று அவருடைய விரலுக்குத்தான் தெரியும். பின்னால் காரையை ஊற்றி, இறுகிய பிறகு தூக்கி நிறுத்தினால்தான் முகமே தெரியும். இந்த ஊரில் மதியமானால் மழை கொட்டும். காரை இறுகாது. தாமி வானத்தைப் பார்த்துத் திட்டிய திட்டெல்லாம் நான் ரஸ்ஸலுக்கு மொழிபெயர்க்காதவை. முதல் பாளத்தைத் தூக்கி நிறுத்திய அன்று நான் அழுதேன் என்று ஹம்மாது எல்லாரிடமும் சொல்லிவிட்டான். அழுதேன்தான். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

சனிக்கிழமை சாயங்காலம் தாமி புதினா டீயை ஊற்றிக் கொடுத்தபடி பேசினார். வழக்கமாக அவர் பேச்சில் பாதி தற்பெருமை. அன்று அது இல்லை.

"ஊருல நான் இழைச்ச சுவர் எத்தனை வீட்டுல இருக்கு தெரியுமா தங்கச்சி? வேலை முடிஞ்ச அன்னைக்கு வீட்டுக்காரன் கையில முத்தம் குடுத்துக் கதவைச் சாத்துவான். அவ்வளவுதான். உள்ள பொம்பளைங்க இருக்குற வீடு, அப்புறம் நான் எப்படிப் போறது? நான் செஞ்சதை அடுத்தவன் பார்க்கும்போது அவன் மூஞ்சி எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. இங்கதான் யார் வேணா வரலாம்னாங்க. அதான் கையில இருந்தது எல்லாத்தையும் இதுல போட்டேன்."

"நாளைக்கு ஒரு நாள் இருக்கு, மேஸ்திரி."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. வெண்ணெய் ரொட்டிக்கு இன்னும் கூட்டம் வரும்."

மறுநாள் காலை நானே வாசலில் நின்றேன். நல்ல கஃப்தான் உடுத்தி, "மர்ஹபா, வாங்க, உள்ள வாங்க" என்று தொண்டை வற்றக் கூப்பிட்டேன். மகராசிகள் சிரித்தார்கள், என் உடுப்பைப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள், நடையைக் கட்டினார்கள். ஒரு சிறுமி மட்டும் சந்துக்குள் எட்டிப் பார்த்து, "அம்மா, இங்க ஒண்ணுமே இல்ல" என்றாள். அவள் தலையில் ஒரு குட்டு வைத்திருப்பேன், அவள் அம்மா பக்கத்தில் இருந்தாள்.

மதியம் ரஸ்ஸல் ஒரு சாக்குக்கட்டியோடு வந்தார். வெளிச்சுவரில் ஏணி வைத்து ஏறி வளைவின் கோட்டை வரைந்தார். நான் ஏணிக்குக் கீழே போய் நின்றேன்.

"உள்ள எவ்வளவு அழகா இருக்குன்னு எனக்குத் தெரியாதா பதூல்? தினமும் பார்க்குறேன். அதனாலதான் திறந்து காட்டணுங்குறேன்."

"எந்த வழியாப் போய்ப் பார்க்குறீங்க?"

"இதென்ன கேள்வி? சமையலறைக் கதவு வழியாத்தான். நாம எல்லாருமே அப்படித்தானே போறோம்?"

அது உண்மை. பூங்காவில் வேலை பார்ப்பவர்கள் முன்வாசலில் நுழையக் கூடாது என்பது சட்டம். பாத்திரம், மூட்டை, வரைபடம், ஆள் எல்லாம் பின்பக்கம்தான். யோசித்துப் பார்த்தால், சாரம் பிரித்த பிறகு நானும் முன்வாசல் வழியாக ஒருமுறைகூடப் போனதில்லை.

மேலே எதுவும் கேட்பதற்குள் வானம் பொத்துக்கொண்டது. புளோரிடா மழை முன்னறிவிப்புத் தராது. பாதையில் போன கூட்டம் முழுவதும் ஒதுங்க இடம் தேடி ஓடியது. எங்கள் சுவருக்குத் தாழ்வாரம் கிடையாது. இருந்தது அந்த ஒரு கதவு. முதலில் நாலு பேர் நுழைந்தார்கள். பின்னால் வந்தவர்கள் அவர்களை உள்ளே தள்ளினார்கள். என்னையும், ஏணியிலிருந்து குதித்த ரஸ்ஸலையும் சேர்த்துத் தள்ளினார்கள்.

சந்தில் கும்மிருட்டு. ஈரத்துணி வாடை. "யோவ், காலை மிதிக்காதே", "எங்க போறோம்?", "முன்னாடி போங்கப்பா" என்று ஒரே கூச்சல். முதல் திருப்பத்தில் வெளிச்சமே இல்லை. அதிகாரியும் ஐஸ்கிரீம்காரனும் ஒரே மாதிரி சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார்கள். இரண்டாவது திருப்பத்தில் முன்னால் போனவர்களின் சத்தம் சட்டென்று நின்றது. என்னவோ ஏதோவென்று நானும் முண்டியடித்துப் போனேன்.

முற்றத்தின் நடுவே திறந்த வானத்திலிருந்து மழை இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு திருப்பமும் எங்களைச் சுற்றி, முன்சுவரின் உள்பக்கத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டிருந்தன; மழைக்கு அந்தப் பக்கம் தாமியின் சுவர். மழையில் நனைந்த நீலமும் பச்சையும் தேன் மஞ்சளும் நடுநட்சத்திரத்திலிருந்து கிளம்பி, பிரிந்து, பின்னி, திரும்ப அதற்கே வந்து சேர்ந்தன. இருட்டில் விரிந்திருந்த கண்ணில் அது அத்தனையும் ஒரே நேரத்தில் விழுந்தது. ஆறு மாதமாகத் தினமும் பார்த்த சுவர்தான். நான் அதை அன்றுதான் பார்த்தேன். இவ்வளவு நாள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ, தெரியவில்லை.

முற்றத்தைச் சுற்றியிருந்த தாழ்வாரத்தில் அத்தனை பேர் நின்றும் மழைச் சத்தம் மட்டுமே கேட்டது. காலையில் எட்டிப் பார்த்த சிறுமி அம்மாவின் கையை விட்டுவிட்டு, வாயைத் திறந்தபடி நின்றாள்.

தாமி மூலையில் தன் சுத்தியல்களைச் சாக்குத்துணியில் கட்டிக்கொண்டிருந்தார். தலை தூக்கினார். சுவரைப் பார்க்கவில்லை. மூஞ்சிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தார். கட்டிக்கொண்டிருந்த கயிறு கையிலிருந்து நழுவியது.

ரஸ்ஸல் என் பக்கத்தில் சொட்டச் சொட்ட நின்றார். சந்தின் பக்கம் திரும்பி, "இந்தச் சந்துல விளக்குப் போடணும்னு நான்தானே கேட்டேன்?" என்றார்.

"ஆமா. மேஸ்திரி போட விடல."

"ஏன்னு கேளுங்க."

கேட்டேன். தாமிக்கு அதற்குள் பழைய திமிர் திரும்பியிருந்தது.

"ஓடு மட்டுமா நான் கட்டினேன்? அந்த இருட்டையும் சேர்த்துத்தான் கட்டினேன்னு சொல்லு. சுவரை உடைச்சா அது ஓடிப்போயிடும்."

இந்த ஒருமுறை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். ரஸ்ஸல் தலையை ஆட்டினார். கையிலிருந்த சாக்குக்கட்டி மழையில் கூழாகியிருந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். நல்ல சட்டை, பாழாகிவிட்டது.

"சுவர் நிக்கட்டும். ஆனா மழை தினமும் வந்து ஜனங்களைத் தள்ளிவிடுமா பதூல்?"

தாமியிடம் சொன்னேன். அவர் சிரித்தார். "இந்த ஊர்ல மழைக்கா பஞ்சம்? வராத அன்னைக்கு வாசல்ல டீயைக் காய்ச்சு. புதினா வாசனைக்கு வராதவன் வெண்ணெய் ரொட்டியே தின்னுட்டுப் போகட்டும்."

திங்கட்கிழமை காலை கடப்பாறையோடு வந்தவர்களை ரஸ்ஸல் திருப்பி அனுப்பினார். பார்வையிட வந்த மேலதிகாரிகள் வழக்கம்போலச் சமையலறைக் கதவுக்குப் போனார்கள். ரஸ்ஸல் குறுக்கே நின்று, அத்தனை பேரையும் முன்வாசலுக்குச் சுற்றி வரச் செய்தார்.

அவர்கள் போன பிறகு நான் வாசலில் டீக்கெட்டிலோடு நின்றுகொண்டிருந்தேன். துவைத்த வெள்ளை ஜெல்லாபா அங்கியும் மஞ்சள் செருப்புமாக ஒருவர் ஏரிப் பாதையில் தனியாக வந்தார். தாமி. வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு மட்டும் உடுத்தும் உடுப்பு. என் முன்னால் வந்து, அறிமுகமில்லாதவர்போல நின்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. சாரம் பிரித்த பிறகு அவரும் முன்வாசல் வழியாக நுழைந்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"மர்ஹபா, சிதி. வாங்க ஐயா, உள்ள வாங்க" என்றேன்.

நெஞ்சில் கை வைத்து, "பிஸ்மில்லா" என்று சொல்லி, வலது காலை எடுத்து வைத்து, தான் கட்டிய வீட்டுக்குள் விருந்தாளியாகப் போனார். நான் டீயை அடுப்பில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன். டீ இரண்டு முறை கொதித்து ஆறியது. அவர் இன்னும் வெளியே வரவில்லை.