மெஷின் வாப்பா

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு வந்த நுஃமான், சோற்றைக்கூடத் தொடாமல் பெண்டாட்டி ஸஹ்ரா பேசி அனுப்பிய கேசட்டை டேப்பில் போட்டான். கீழக்கரைக்கு லீவில் போய் வந்தவர் கொண்டுவந்தது. ஷார்ஜா தொழில்பேட்டையில் அந்த ரூமில் எல்லாருக்கும் கடுதாசி கேசட்டில்தான். ஒருவன் பெண்டாட்டி பேச ஆரம்பித்தால் மற்றவர்கள் மரியாதையாக வெளியே போய்விடுவார்கள். அகமது கபீருக்கு மட்டும் அப்போதுதான் நகம் வெட்ட வேண்டியிருக்கும்.

நலம் விசாரித்து முடித்ததும் ஸஹ்ராவின் குரல் தயங்கியது.

"மச்சான், கோவிச்சுக்காதீக. நீங்க அனுப்புன கேசட்டுல மறுபக்கம் மெஷின் பேசுற மாதிரி ஒரு பாட்டு ஓடுதுல்ல? புள்ள அதத்தான் வாப்பாண்டு நெனச்சிக்கிட்டிருக்கா."

கபீர் சிரித்துத் தொலைத்தான். நுஃமானுக்குச் சிரிப்பு வரவில்லை.

அது கராஜில் கூட வேலை பார்த்த சூடான்காரன் இத்ரீஸ் ஊருக்குப் போகும்போது கொடுத்த கேசட். பத்து வருடத்துக்கு முன் அமெரிக்காவில் வந்த ஒரு ஹிப்ஹாப் கோஷ்டியின் பாட்டாம். மேளக்காரனே இல்லாமல் மெஷினிலேயே தாளம் போட்டவர்களில் இவர்கள்தான் முன்னோடிகள், இப்போது வருவதெல்லாம் இதற்குப் பிறந்த பிள்ளைகள் என்று இத்ரீஸ் உடைந்த இந்தியில் பெருமையடித்திருந்தான். வெற்றுக் கேசட் கிடைக்காத ஒரு நாள் நுஃமான் அதில் ஒரு பக்கத்தை அழித்துப் பேசினான். மறுபக்கத்தை அழிக்க மனம் வரவில்லை. வந்தது வினை.

மகள் ஆமிரா அவன் விமானம் ஏறிய பிறகு பிறந்தவள். பெருநாளுக்கு ஊருக்குப் போகிறான். கையை நீட்டும்போது யாரோ என்று அலறினால்? பாவி மனிதனுக்கு ஒரு மெஷின்மேல் பொறாமை வந்தது.

கேசட்டின் கடைசியில் அந்தத் தாளம் தூரத்தில் அதிர, மழலை ஒன்று கூப்பிட்டது: "வாப்பா... வாப்பா..." முதல்முறையாகக் கேட்கிறான். கூப்பிட்டது அவனை அல்ல. ஆனாலும் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டான்.

அந்தக் கேசட்டைத் தூக்கி எறியச் சொல்லிவிடு என்றான் கபீர்.

"அவ வாப்பாவத் தூக்கி எறிய எனக்கு மனசு வரலடா."

நுஃமான் கட்டிலுக்கடியில் கிடந்த டேபிள் ஃபேனை இழுத்து வைத்து முழு வேகத்தில் ஓடவிட்டான். வேறொரு கேசட்டைப் போட்டு ரெக்கார்டை அழுத்தி, றெக்கைக்கு முன்னால் வாயை வைத்து "ஆ...மி...ரா" என்றான். காற்று குரலை அந்தப் பாட்டு மெஷின் மாதிரியே நறுக்கி நறுக்கித் தந்தது. சொல்லாமலே விஷயம் புரிந்துகொண்ட கபீர் பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டினான். நுஃமான் ஃபேன் வேகத்தைக் குறைத்து இன்னொருமுறை கூப்பிட்டான். இன்னும் குறைத்து இன்னொருமுறை. பிறகு ஃபேனையே நிறுத்திவிட்டான். கபீரின் கையும் தானாக நின்றது.

"ஆமிரா... வாப்பா பேசுறேம்மா."

சொந்தக் குரல் அவனுக்கே புதிதாக இருந்தது. புழுங்கும் ரூமில் கேசட் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது, அவன் மூச்சை வாங்கிக்கொண்டு.