அருவிக்கடியில் இசக்கிராஜா

ஜூன் 19, வியாழன்.

‘இசக்கிராஜா தெளிந்துவிட்டான்’ என்று நேற்று எழுதியிருந்தேன். தவறு. அவன் கேட்டு வாங்கி நாலாவது தோசை தின்ற சந்தோஷத்தில் அவசரப்பட்டுவிட்டேன்.

இன்று சாயங்காலம் டேலி கம்ப்யூட்டர் வகுப்புக்குக் கிளம்பும்போது அவன் அம்மா வள்ளித்தாய் அத்தை எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

“குமாரு, சாரல் நல்லா விழுது. அவன அருவிக்குக் கூட்டிட்டுப் போய்யா. தலையில தண்ணி விழுந்தா பித்தம் எறங்கும். டாக்டர் குடுத்த மாத்திரய போன வாரமே நிறுத்திட்டேன். தின்னா மாடு மாதிரி தூங்குதான். போலீஸ் செலக்‌ஷனுக்கு ஓடணும்லா?”

மாத்திரையை நிறுத்தலாமா என்று சந்தேகமாக இருந்தது. கேட்கவில்லை. வகுப்பை விட்டேன்.

போன டிசம்பரில் காலேஜ் பையன்களோடு கொடைக்கானல் போய் வந்ததிலிருந்து அவன் சரியில்லை. சுவர் மூச்சு விடுகிறது என்றான். பிறகு யாரோ பேசுகிறார்கள் என்றான். எதையோ பார்த்துப் பயந்துவிட்டான் என்றுதான் வீட்டில் டாக்டரிடம் சொல்லியிருந்தார்கள். அவன் தாய்மாமா ஒருவருக்கும் இப்படி இருந்ததாம். அந்தப் பேச்சை எடுத்தாலே அத்தை அடுக்களைக்குள் போய்விடுவார்.

பள்ளியில் படிக்கும்போது கடைசிப் பீரியடுக்கு மட்டம் போட்டு, ஆய்க்குடியிலிருந்து தென்காசி போய் பஸ் மாறி, குற்றாலம் மெயினருவிக்குப் போவோம். தண்ணீருக்கடியில் நின்று கணக்கு சாரை வாய்க்கு வந்தபடி திட்டுவோம். ஒருத்தன் கத்துவது அடுத்தவனுக்குக் கேட்காது. என் வாயசைவைப் பார்த்தே இசக்கிராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். அந்தச் சிரிப்பை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றுதான் இன்று போனேன்.

வரிசையில் நகர்ந்து உள்ளே போனோம். தண்ணீர் முதுகில் அறைந்தது. கணக்கு சார் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவன் சிரிக்கவில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்துவிட்டான்.

“ஏ தம்பி, குளிக்கியளா, குடியிருக்கியளா?” என்றார் பின்னால் நின்றவர்.

கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன். அவன் அருவியையே திரும்பிப் பார்த்தான்.

“உள்ள ஒரே ஆளுங்க பேச்சுலே. எல்லாரும் என்னயத்தான் சொல்லுதாங்க. ஒனக்கும் கேட்டுச்சுல்லா?”

ஆமாம் என்றால் ஆறுதலாக இருப்பான். இல்லை என்றால் என்னையும் அந்த ஆட்களோடு சேர்த்துவிடுவானோ?

“கேக்கலலே. தண்ணிச் சத்தம் மட்டுந்தான்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தான். “அப்ப எனக்குத்தான் கோளாறு. கொடைக்கானல்ல போதக்காளான் தின்னேன்லே. கூடத் தின்னவனுவ மறுநாளே எந்திரிச்சு டீ குடிச்சானுவ. எனக்கு மட்டும் எறங்கவே இல்ல.”

“டாக்டர்ட்ட சொன்னியா?”

“சொன்னா போலீஸ் வேல போயிரும்லா?”

“அது எனக்குத் தெரியாதுலே. மொதல்ல ஒனக்குச் சரியாவணும்.”

பஸ்ஸை விட்டு இறங்கும்போது, “டாக்டர் ரூமுக்குள்ள நீயும் வருவியா?” என்றான்.

நாளை: அவனோடு தென்காசிக்கு டாக்டரைப் பார்க்கக் கிளம்பும் முன் அத்தையிடம் காளான் விஷயத்தைச் சொல்ல வேண்டும். இசக்கிராஜாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அவனுக்கும் கேட்கும்படி.