டீசல் ஜாடியில் எலுமிச்சை விதை

கார்வின் டீக் வண்டி பழுதுபார்க்கும் கடைக்குக் கட்ட வேண்டிய பாக்கி பதினோராயிரத்து அறுநூற்று எண்பத்து நான்கு டாலர், முப்பத்தேழு சென்ட். அந்த முப்பத்தேழு சென்ட்டைத்தான் அவனால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இவ்வளவு பெரிய தொகையைத் தலையில் கட்டுகிறவர்கள் சில்லறையையாவது விட்டுத் தொலைத்திருக்கலாம்.

மூன்று வாரத்துக்கு முன் அமரில்லோ நகரத்துக்குப் போகும் சாலையில், பின்னால் டிரெய்லர் நிறைய வைக்கோல் உருண்டைகளோடு, அவனுடைய டீசல் பிக்கப் ஓட்டத்திலேயே உயிரை விட்டது. டீசலை நசுக்கி இன்ஜினுக்குள் பீய்ச்சுகிற ஹை பிரஷர் பம்ப் தன்னைத்தானே அரைத்துக்கொண்டுவிட்டது. அந்தப் பம்ப் போனால் தனியாகப் போகாது. அரைபட்ட இரும்புத்தூள் ஜிகினா மாதிரி டீசலில் கலந்து, குழாய், இன்ஜெக்டர், டாங்கி என்று எல்லா இடத்திலும் போய் உட்கார்ந்துகொள்ளும். எல்லாவற்றையும் கழற்றி எறிந்து புதிது போட வேண்டும். வாரண்டி இருக்கிறதே என்று கடைக்காரர்களும் போட்டுவிட்டார்கள். போட்டு முடித்த பிறகு கம்பெனியிடமிருந்து பதில் வந்தது: டீசலில் தண்ணீர் இருந்திருக்கிறது, தப்பு வண்டிக்காரனுடையது, வாரண்டி செல்லாது. பணத்தைக் கட்டினால்தான் வண்டியை விடுவோம் என்றது கடை.

இன்றைக்கு வியாழக்கிழமை. அவன் வைக்கோல் கொண்டுபோய்ப் போட வேண்டிய மூன்று பண்ணைக்காரர்களும் திங்கட்கிழமை வரைதான் பொறுப்பார்கள். வேறு வழி தெரியாமல், சனிக்கிழமைச் சந்தையில் ஒன்பது கிடாரிகளை விற்றுவிடுவது என்று அவனும் அவன் மனைவி ஓலீட்டாவும் முடிவு செய்திருந்தார்கள். வரும் வசந்தத்தில் ஈன வேண்டிய கிடாரிகள். வீட்டில் இருந்த மந்தையே அவ்வளவுதான்.

சனிக்கிழமை பணம் வந்துவிடும் என்று சொல்லத்தான் அவன் பக்கத்துப் பண்ணைக்காரரின் காரில் ஏறிக் கடைக்குப் புறப்பட்டான். ஓலீட்டா வெறுங்கையோடு விடவில்லை. ஷெட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கி வந்து அவன் மடியில் வைத்தாள்.

"இதையும் எடுத்துட்டுப் போ."

"பதினோரு ஜாடி டீசலக் கொண்டுபோய்க் காட்டினா சிரிப்பான் ஓலீட்டா."

"சிரிக்கட்டும். பதினோரு தடவ என் ஊறுகா ஜாடியக் கேக்காம எடுத்தியே, அதுக்கு ஒரு பிரயோஜனம் வேண்டாமா?"

அது அவனுடைய பழக்கம். ஒவ்வொரு முறை ஃபில்டர் மாற்றும்போதும் அடியில் தேங்கிய டீசலை ஒரு கண்ணாடி ஜாடியில் வடித்து, தேதி ஒட்டி, ஷெட் ஜன்னலில் வைத்துவிடுவான். தண்ணீர் இருந்தால் மறுநாள் காலை அடியில் தனியாக நிற்கும். பதினோரு ஜாடியிலும் ஒரு சொட்டு நின்றதில்லை.

கடையில் மேனேஜர் ராய்ஸ் மேஜைக்குப் பின்னால் இருந்தான். வயது முப்பதுதான், கெட்டவன் இல்லை. அவன் தலைக்கு மேலே ஆணியில் கார்வினின் வண்டிச்சாவி தொங்கியது. பக்கத்து ஜன்னலில் ஒரு பெரிய ஜாடியில் தண்ணீரும் டீப்பைகளும் எலுமிச்சைத் துண்டுகளும் வெயிலில் ஊறிக்கொண்டிருந்தன. இந்தப் பக்கத்தில் கோடை முழுக்க அப்படித்தான் டீ போடுவார்கள். ராய்ஸ் அக்டோபரிலும் விடாதவன்.

"டீ குடிக்கிறீங்களா சார்?"

"உங்க டீ பதினோராயிரம் டாலர் ஆகுதுப்பா. வேண்டாம்."

ராய்ஸ் சங்கடமாகச் சிரித்தான். கார்வின் பெட்டியைத் திறந்து ஜாடிகளை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தான்.

"சார், இத நேத்துகூட நீங்க ரொப்பியிருக்கலாம்னு கம்பெனில சொல்லுவான். எனக்கு உங்கமேல சந்தேகம் இல்ல. ஆனா உங்க வண்டியில எடுத்த சாம்பிள்ள தண்ணி நின்னுதே, நான் என்ன பண்ண?"

"அந்தத் தண்ணிய நான் இன்னும் கண்ணால பாக்கல. காட்டேன்."

ராய்ஸ் அலமாரியிலிருந்து ஒரு ஜாடியை எடுத்துக் கொடுத்தான். மேலே மஞ்சளாக டீசல். அடியில் இரண்டு விரல் கனத்துக்குப் பழுப்பு நிறத்தில் தண்ணீர். "துரு சார்," என்றான் ராய்ஸ், துக்க வீட்டில் பேசுகிற குரலில்.

கார்வின் குனிந்து பார்த்தான். தண்ணீர் நிஜமாகவே இருந்தது. பதினோரு ஜாடி ஏமாற்றி, பன்னிரண்டாவது ஜாடி உண்மையைச் சொல்கிறதோ என்று ஒரு கணம் நினைத்தான். ஆனால் ஜாடி பார்ப்பது அவனுக்குப் பல வருடப் பழக்கம். கை தானாகவே அதை வெளிச்சத்துக்குத் தூக்கி மெல்லச் சாய்த்தது. துரு என்றால் அடியில் பொடியாகப் படியும். இது படியவில்லை. தெளிந்த பழுப்பு. அதற்குள் வெள்ளையாக ஏதோ ஒன்று உருண்டு கண்ணாடியில் முட்டி நின்றது.

அவன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தான். பிறகு ஜன்னலில் ஊறிக்கொண்டிருந்த ஜாடியைப் பார்த்தான். மறுபடி இதைப் பார்த்தான்.

"ராய்ஸ் தம்பி."

"சொல்லுங்க சார்."

"என் டாங்கியில எலுமிச்ச மரம் எதுவும் வெக்கலப்பா நான்."

ராய்ஸுக்குப் புரியவில்லை. ஜாடியை வாங்கிப் பார்த்தான். முகம் கழுத்திலிருந்து மேலே மெதுவாகச் சிவந்தது.

"யுசேபியோ!" என்று பட்டறைப் பக்கம் பார்த்துக் கத்தினான்.

மெக்கானிக் யுசேபியோ கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். கார்வினின் வண்டியைப் பிரித்துக் கோத்தவன் அவன்தான்.

"இந்த சாம்பிள எதுல எடுத்த?"

"நீங்க குடுத்த ஜாடியிலதான் பாஸ். சுத்தமான ஜாடி ஒண்ணு குடுங்கன்னேன். இந்தான்னு ஜன்னல்லேருந்து எடுத்து நீட்டுனீங்க."

"அதுல என்ன இருந்துதுன்னு பாக்கலயா?"

"உங்க ஜாடிக்குள்ள நான் எதுக்கு பாஸ் எட்டிப் பாக்கணும்? என் கண்ணெல்லாம் ஜிகினாமேல." யுசேபியோ ஜாடியைத் திறந்து மோந்தான். "சர்க்கர போடலபோல."

கார்வின் சிரிக்கவில்லை. சிரித்தால் காரியம் கெட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது. "இது மட்டும் போதுமா?" என்று கேட்டான்.

"இருங்க," என்றான் யுசேபியோ. உள்ளே போய், கழற்றிய பழைய ஃபில்டரைக் கொண்டுவந்தான். கழற்றிய அன்றே பிளாஸ்டிக் பையில் கட்டி, வண்டி எண்ணும் தேதியும் போட்டுச் சீல் வைத்தது. பாக்கி தீரும்வரை பழைய சாமான்களைத் தூக்கி எறியக்கூடாது என்பது கடையின் சட்டம். ராய்ஸ் தன் கையாலேயே ஒரு ஜாடியைக் கழுவி, துடைத்து, காற்றடித்து உலர்த்தினான். சீலைப் பிரித்து, ஃபில்டருக்குள் இருந்ததை அதில் வடித்தார்கள். அந்தக் கால் மணி நேரத்தை யுசேபியோவின் போன் படம் பிடித்துக்கொண்டிருந்தது.

மஞ்சள் டீசல். அடியில் ஜிகினா மின்னியது. தண்ணீர் மட்டும் இல்லை.

ராய்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டான். படங்களை அனுப்பினான். "ஆமா சார்... டீ சார்... இல்ல, குடிக்கிற டீ... என்னோடதுதான்," என்று மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது முறை மறுமுனையில் யாரோ வெடித்துச் சிரிப்பது கார்வினுக்கே கேட்டது. முக்கால் மணி நேரம் காக்க வைத்தார்கள். அதற்குள் அவன் தன் ஜாடிகளைப் பெட்டியில் அடுக்கினான், எடுத்தான், மறுபடி அடுக்கினான். சுவரில் இருந்த டயர் விளம்பரத்தை எழுத்துக்கூட்டி நாலு தடவை படித்தான்.

கடைசியில் ராய்ஸ் போனை வைத்தான். "வாரண்டி செல்லும். எல்லாமே அவங்க தலையில," என்றான். "சார், தப்பு என்னோடதுதான், மன்னிச்சுக்கங்க."

கார்வின் நாற்காலியில் உட்கார்ந்தான். போனை எடுத்தான்.

"ஓலீட்டா, கிடாரிங்கள எங்க வெச்சிருக்க?"

"சந்தைக்கு ஓட்ட தனியாப் பிரிச்சு அடைச்சிட்டேன். எதுக்கு?"

"தொறந்து விட்டுரு."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு அதட்டல்: "ஜாடில ஒண்ணு கொறஞ்சாலும் வீட்டுக்கு வராத!"

ராய்ஸ் ஆணியிலிருந்து சாவியை எடுத்து மேஜையில் வைத்தான். பில்லைத் திருப்பி, முழுத் தொகைக்கும் குறுக்கே கோடு கிழித்து, கையெழுத்துப் போட்டு நீட்டினான்.

கார்வின் வாங்கிப் பார்த்தான். கோடு சரியாக முப்பத்தேழு சென்ட் வரைக்கும் போயிருந்தது.