ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில்

துணி பிழியும் எந்திரத்தின் இரண்டு ரப்பர் உருளைகளுக்கு நடுவில் அவளுடைய வலது கை மணிக்கட்டு வரை மாட்டியிருந்தது. ஈரமான படுக்கை விரிப்பை உள்ளே தள்ளியபோது விரல்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. மின்சாரத்தை நிறுத்தியாயிற்று. உருளையைத் தூக்கிவிடும் கைப்பிடியைப் புருஷன்காரன் இழுத்த இழுப்பில், துருப்பிடித்த அது அவன் கையோடு வந்துவிட்டது. மீட்புப் படைக்குச் சொல்லியாயிற்று. வண்டி எங்கேயோ நெரிசலில் நிற்கிறதாம். உருளைக்கு அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த விரல்கள் நீலம் பாரிக்கத் தொடங்கியிருந்தன.

அந்தச் சலவைக்கூடத்தின் மெக்கானிக்கே அவன்தான். எந்த எந்திரம் மக்கர் செய்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். இன்றைக்குப் பார்த்துத் தன் பெண்டாட்டியின் கையை எடுக்க வக்கில்லாமல் தவித்தான். மேல் உருளையை இறுக்கிப் பிடித்திருப்பது ஒரே ஒரு நட்டு. அது எந்திரத்தின் அடிவயிற்றில், இரும்புச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தது. மல்லாந்து படுத்து ஒரு கையை நுழைக்கலாம். கண்ணால் பார்க்க முடியாது.

“எட்டுல அஞ்சு குடு!” என்று எந்திரத்துக்கு அடியில் படுத்தபடியே கத்தினான்.

அந்த ஒரு பழைய எந்திரத்துக்கு மட்டும் அங்குலக் கணக்கு ஸ்பேனர்தான். ஒவ்வொன்றிலும் அளவு பின்னமாகப் பொறித்திருக்கும். கொடுப்பதற்கு வெளியே நின்றவன் அவளுடைய தம்பி. அங்கேயே துணி மடிக்கிறவன்.

எட்டில் ஐந்து நட்டின் மேல் உட்கார்ந்தது. திருகினான், வழுக்கியது. மறுபடி திருகினான், மறுபடி வழுக்கியது. விரலால் தடவிப் பார்த்தான். நட்டின் முனைகள் மழுங்கிக்கொண்டிருந்தன. இன்னொரு முறை வழுக்கினால் நட்டு கோலிக்குண்டாகிவிடும். பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது.

“பெருசா இருக்குடா. பதினாறுல ஒன்பது!”

அது உள்ளேயே போகவில்லை.

“சின்னது. ரெண்டுக்கும் நடுவுல இருக்கறதைக் குடு!”

முன்பெல்லாம் பெட்டியில் ஸ்பேனர்கள் சிறியதிலிருந்து பெரியதாக வரிசையாகக் கிடக்கும். ‘அடுத்தது’ என்றால் போதும், எண் எதற்கு? போன வாரம் மச்சினனுக்கு ஒழுங்கு பொத்துக்கொண்டு வந்தது. துணி மடிக்கிற புத்தி! துண்டு துண்டோடு, விரிப்பு விரிப்போடு என்பதுபோல, கீழ் எண் எட்டாக இருப்பதெல்லாம் ஒரு கட்டு, பதினாறு ஒரு கட்டு, முப்பத்திரண்டு ஒரு கட்டு என்று கட்டிவைத்துவிட்டான். அன்றைக்கு அவனைப் பாராட்டி டீ வேறு வாங்கிக் கொடுத்த மடையன் இந்த மெக்கானிக்தான்.

“அஞ்சுக்கும் ஒன்பதுக்கும் நடுவுல ஏழு அத்தான்! இந்தாங்க!”

கைக்கு வந்தது எட்டில் ஏழு. நட்டைச் சுற்றிலும் லொடலொடவென்று ஆடியது.

“அட கூறுகெட்டவனே! மேல இருக்கறதை மட்டும் பாக்காதே! கீழ் எண்ணு வேற வேற இல்லையா?”

மச்சினனைத் திட்டி என்ன பயன்? தனக்கு மட்டும் தெரிகிறதா? பின்னம் என்றாலே பள்ளிக்கு மட்டம் போட்ட ஆசாமி அவன். கீழ் எண்ணை ஒன்றாக்கினால்தான் எது பெரிது என்று தெரியும்; அதுவரைக்கும் நினைவிருந்தது. எட்டையும் பதினாறையும் எதற்குக் கொண்டுவருவது? பதினாறுக்கே கொண்டுவரலாம். எட்டில் ஐந்து, பதினாறில் பத்து ஆகிறது. இன்னொன்று பதினாறில் ஒன்பது.

ஒன்பது. பத்து. நடுவில் ஒன்றுமே இல்லை.

விரலை நீட்டி நட்டை மறுபடி தடவினான்.

“ஏங்க,” என்றாள் மேலிருந்து. அதுவரை கத்திக்கொண்டிருந்தவள் இப்போது சன்னமாகப் பேசினாள். அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. “முடியலைன்னா வெட்டிடச் சொல்லுங்க. என்னால தாங்க முடியல.”

“வாயை மூடு!” என்று கத்தினான். கத்தும்போதே அழுகை முட்டியது. அளவு இல்லாமல் எப்படிப் போகும்? ஒன்று பெரிதாக இருக்கிறது, ஒன்று சிறிதாக இருக்கிறது. அப்படியென்றால் நடுவில் ஒன்று இருந்தே தீரவேண்டும். பதினாறு போதவில்லை, அவ்வளவுதான். இன்னும் பொடியாக நறுக்கு. பதினாறை இரண்டு மடங்காக்கு, முப்பத்திரண்டு. ஒன்பது பதினெட்டாகும். பத்து இருபதாகும்.

“முப்பத்திரண்டுல பத்தொன்பது! இருக்கா பாரு! அந்தக் கட்டுல பாரு!”

மச்சினன் கட்டைப் பிரிக்க முடியாமல் பல்லால் முடிச்சைக் கடிப்பது கேட்டது. இரும்புகள் தரையில் சிதறின. “பதினேழு... இருபத்தொண்ணு... அய்யோ அக்கா... பத்தொன்பது! அத்தான், பத்தொன்பது!”

ஸ்பேனர் நட்டைக் கவ்விக்கொண்டது. கண்ணை மூடி முழு பலத்தையும் கொடுத்தான். நட்டு கிறீச்சிட்டுத் திரும்பியது. மேல் உருளை தளர்ந்தது.

வெளியே ஊர்ந்து வந்து பார்த்தபோது தம்பி அக்காவைத் தரையில் சாய்த்துப் பிடித்திருந்தான். கை பிழிந்துபோட்ட துணியாகக் கிடந்தது. மெக்கானிக் அவள் கட்டைவிரலை மெல்லத் தொட்டான்.

“தெரியுதா?”

“இல்ல.”

ஆள்காட்டி விரல். “இல்ல.” நடுவிரல். இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினாள். மோதிர விரல். அதற்கும் அதே தலையாட்டல்.

சுண்டுவிரலைத் தொட்டான்.

“ஆ... வலிக்குதுங்க, விடுங்க!”

“வலிக்குதாம்டா!” என்று மச்சினனைக் கட்டிக்கொண்டு அவன் ஓவென்று அழுதான்.