இரைச்சல் இடைஞ்சலாம்

விடியுமுன் பறித்த திராட்சை வெயில் ஏறுமுன் ஒயின் ஆலைக்குள் போயாக வேண்டும். கூடை தோளை அறுக்கும், சாறு காய்ந்து விரலோடு விரல் ஒட்டும், குளவி காதைச் சுற்றும். எங்களில் பாதிப்பேர் இந்த ஒயினை ஒரு வாய் குடித்ததில்லை. ஆனாலும் பஸ்ஸில் ஏறினால் வாடையை வைத்தே குடிகாரக் கும்பல் என்று தள்ளி உட்காருவார்கள்.

ஒயினை வடித்த பிறகு தொட்டியின் அடியில் தங்கும் சக்கையை ஆள் இறங்கித்தான் அள்ள வேண்டும். உள்ளே தேங்கிக் கிடப்பது ஆளைக் கொல்லும் காற்று. அதை விரட்ட, ஆள் வெளியே வரும்வரை பெரிய ஃபேன் ஓடியாக வேண்டும். முந்தாநாள், சக்கை அள்ளுகிற எங்கள் தொட்டி மாமா உள்ளே இருந்தபோது ஃபேன் நின்றது. நிறுத்தச் சொன்னவர் ஒயின் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் மாஸ்டர். மாடியில் வியாபாரிகள் கோப்பையைச் சுழற்றி மோந்துகொண்டிருந்தார்களாம், இரைச்சல் இடைஞ்சலாம். மாமாவைப் பிணமாகத்தான் தூக்கினோம்.

இன்று காலை முதலாளி எங்களை முற்றத்தில் கூட்டினார். மாஸ்டர் பக்கத்தில் தலைகுனிந்து நின்றார்.

"விசாரணைக்கு ஆபீசர் வர்றாரு. அவன் குடிச்சிட்டு இறங்கினான்னு எல்லாரும் ஒரே மாதிரி சொல்லுங்க. ஆலை ஓடினாத்தான் உங்க வீட்டு அடுப்பு எரியும்."

செத்தவனுக்கு வாய் இல்லை என்ற தைரியம்.

விசாரணைக்காக வந்திருந்த மாமாவின் மனைவி, எங்களோடு பழம் பொறுக்கும் அத்தை, முன்னால் வந்தாள். "என் புருஷன் குடிச்சு நீங்க பாத்தீங்களா மாஸ்டர்?"

"நான் மேல இருந்தேம்மா."

"மேல இருந்துதான் நிறுத்தச் சொன்னீங்க," என்றார் எலெக்ட்ரீசியன் அண்ணன். "உள்ள ஆள் இருக்குன்னேன். ரெண்டு நிமிஷத்துல செத்துட மாட்டான்னீங்க. பாழாப்போன நான் நிறுத்தினேன்."

முதலாளி சிரித்தார். "அப்ப ஜெயிலுக்குப் போறது நீதான்."

"போறேன் முதலாளி. தனியாப் போகமாட்டேன்."

முதலாளியின் சிரிப்பு நின்றது. வாசலில் பழ லாரிகள் வெயிலில் வரிசைகட்டி நின்றன. "பேச்சு போதும். அடுத்த தொட்டி காலியாகணும், இறங்கு," என்று சக்கை அள்ளும் மண்வெட்டியை என்னிடம் நீட்டினார்.

நான் கையைக் கட்டிக்கொண்டேன். "நான் செத்தாலும் குடிச்சிட்டுச் செத்தான்னுதானே சொல்வீங்க? உண்மை வெளிய வராம இறங்கமாட்டேன்."

பக்கத்தில் இருந்தவனிடம் நீட்டினார். அவனும் வாங்கவில்லை. பறிக்கிற பெண்கள் கூடைகளை இறக்கி வைத்தார்கள்.

"பழம் அழுகிடும்டா."

"அழுகட்டும்," என்றாள் அத்தை.

ஆபீசரின் கார் வாசலில் நின்றது. எலெக்ட்ரீசியன் அண்ணன் ஓர் அடி வைத்துவிட்டு நின்றார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராத்திரி பூரா உன் கை அழுகிப்போகணும்னு சபிச்சேன் தம்பி. வா, உள்ளதச் சொல்லிட்டு வந்து அழலாம்."

இருவரும் முன்னால் நடந்தார்கள். நாளை வேலை இருக்குமா என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் ஒருவர்கூட முற்றத்தில் பின்தங்கவில்லை.